மல்லியின் 0.29: வெறிநோய் எதிர்ப்பொருள் சோதனையில் தவறிய ஒரு நாயைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

சேர்வராயன் மலையில் நாகலூர் செல்லும் வழியில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஓர் இளம் தம்பதியர், 2023 ஜனவரி முதல் வாரத்தில் சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள என் கிளினிக்குக்கு வந்தனர். அவ்வாண்டு ஆகஸ்ட் இறுதியில் வேலை நிமித்தம் ஜெர்மனிக்குக் குடிபெயரவிருப்பதாகவும், வீட்டில் வளரும் நாயையும் பூனையையும் விட்டுச் செல்ல மனமில்லை என்றும் கூறினர். நாயின் பெயர் மல்லி. இராஜபாளையம் இனப் பெண். வயது 2 ஆண்டு 4 மாதம், எடை 27 கிலோ, கருத்தடை செய்யப்பட்டது. அவ்வினத்துக்கே உரிய பால்வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்டது. காதும் நன்றாகக் கேட்கும். இராஜபாளையத்தில் பிறவிச் செவிடு அரிதன்று என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். பூனையின் பெயர் மிளகு. காப்பிக்கொட்டை காயவைக்கும் களத்தில் குட்டியாகக் கண்டெடுக்கப்பட்ட கறுப்பு நாட்டுப் பூனை. ஆண், சுமார் 3 வயது, 3.6 கிலோ.

வெறிநோய் எனப்படும் ரேபிஸைப் பொறுத்தவரை நம்பகமான நாடுகள் என்று ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் பட்டியலில் இந்தியா இல்லை. பட்டியலில் இல்லாத நாட்டிலிருந்து வளர்ப்பு விலங்கை உடன் கொண்டுவருவோருக்கு அப்போது நடப்பில் இருந்த 576/2013 எண் ஒழுங்குமுறை ஒரு வரிசையை விதித்திருந்தது. முதலில் தோலுக்கடியில் பொருத்தும் 15 இலக்க அடையாள மைக்ரோசிப். சிப் பொருத்திய அன்றோ அதன் பிறகோ ரேபிஸ் தடுப்பூசி. ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து இரத்த மாதிரி. ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்தில் அந்த இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தில் (தெளிந்த நீர்ப்பகுதியில்) எதிர்ப்பொருள், அதாவது கிருமியை எதிர்க்க உடல் ஆக்கும் புரதத்தின் அளவு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் என்ற முடிவு. மாதிரி எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு. இந்த வரிசையில் ஒன்று முன்பின்னாகப் போனாலும் கணக்கு தொடக்கத்திலிருந்து மறுபடி தொடங்கும்.

அந்த மூன்று மாதத்தைப் பலரும் அலுவலகத் தாமதம் என்றே நினைக்கிறார்கள். தடுப்பூசி போடுவதற்கு முன்பே கடிபட்டுக் கிருமி நரம்புக்குள் சென்றுவிட்ட விலங்கை எதிர்ப்பொருள் சோதனை காட்டிக்கொடுக்காது. அதன் இரத்தத்திலும் ஊசியால் வந்த எதிர்ப்பொருள் நல்ல அளவில் இருக்கக்கூடும். அத்தகைய விலங்கு நோயை வெளிக்காட்டுவதற்கு விடப்படும் அவகாசமே அது. ஆகவே இந்த விதியில் சோதனையும் காத்திருப்பும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன.

மல்லிக்கு ஒரு தடுப்பூசி அட்டை இருந்தது. வேறு மாவட்டத்தில் குட்டியாக வாங்கியபோது அங்கிருந்த கிளினிக் ஒன்றில் கொடுத்தது. ஏஆர்வி (ரேபிஸ் தடுப்பூசி) என்று தலைப்பிட்ட கட்டத்தில் 3 ஆம் மாதத்திலும் 15 ஆம் மாதத்திலும் பேனாவால் தேதி எழுதி, பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. சிப் இல்லாத காலத்தில் போட்ட ஊசிகள் என்பதால் பயணத்துக்கு அவை கணக்கில் வராது. ஆனாலும் நாயின் உடலுக்கு அவை கணக்கில் வரும் அல்லவா? அதை எண்ணி, "முன்பு இருமுறை ரேபிஸ் தடுப்பூசி பெற்றது, இப்போது போடுவது பூஸ்டர்" என்று கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டேன். இந்த ஆய்வின் முடிச்சு அந்த ஒரு வரியில் இருக்கிறது. மிளகுக்கு அட்டையே இல்லை. அது ஒருமுறைகூட ஊசி போட்டுக்கொண்டதில்லை.

ஜனவரி 18 அன்று தோட்டத்திலேயே இரண்டுக்கும் சிப் பொருத்தி ஊசி போட்டேன். வழக்கமாக விலங்குகளைக் கீழே அழைத்து வரச் சொல்வேன். ஆனால் அடிவாரத்திலிருந்து மேலே செல்லும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஐந்தாவது தாண்டுவதற்குள் மல்லி வாந்தி எடுத்துவிடும். தோட்டத்திலும் பழம் பறிப்பு முடியும் தறுவாயில் ஆள் நகர முடியாத நிலை. ஆகவே தெர்மோகோல் பெட்டியில் உறைந்த ஜெல் பையை வைத்து, அதன்மேல் ஒரே தொகுதி எண் கொண்ட மூன்று குப்பிகளை அடுக்கி எடுத்துச் சென்றேன். இரண்டு செலவாயின. மூன்றாவதைத் திரும்பக் கொண்டுவந்து, வேறு விலங்குக்குப் போட மனம் வராமல், மூடியில் பேனாவால் ஒரு கோடிட்டு ஃப்ரிட்ஜின் பின்தட்டில் வைத்தேன்.

இரத்தம் எப்போது எடுக்கலாம் என்று கேட்டதற்கு, "30 நாள் முடிந்த பிறகு எப்போது வேண்டுமானாலும்" என்று நான் பதில் சொன்னேன். விதியின்படி அது பிழையில்லாத வாக்கியம். அவர்கள் பயணத் தேதியான ஆகஸ்ட் 28 இலிருந்து பின்னோக்கி எண்ணி, மே 28 க்கு முன் எடுத்தால் போதும் என்று கணக்குப் போட்டனர். பிப்ரவரியும் மார்ச்சும் கொட்டை காயவைப்பதிலும் விற்பதிலும் போய்விட்டன. மே 22 அன்று, ஊசி போட்ட 124 ஆம் நாளில், நான் மறுபடி மேலே சென்று இரண்டுக்கும் இரத்தம் எடுத்தேன்.

இறங்கும்போது மே மாதச் சுற்றுலாக் கூட்டத்தில் சிக்கி, ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று அடிவாரம் வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்தபோது மிளகின் சீரம் வைக்கோல் நிறத்தில் தெளிந்திருந்தது. மல்லியின் சீரம் மெல்லிய ரோஜா நிறத்தில் இருந்தது. சிவப்பணுக்கள் சில உடைந்திருக்கின்றன என்று அதற்குப் பொருள். உறையாத இரத்தத்தோடு குழாயை வளைவுகளில் குலுக்கிக்கொண்டு வந்ததன் பலன். அனுப்பலாமா என்று யோசித்து, நிறம் இலேசாகத்தான் இருக்கிறது என்று அனுப்பிவிட்டேன்.

ஜூன் 14 அன்று ஐரோப்பிய ஆய்வகத்திலிருந்து இரண்டு அறிக்கைகளும் வந்தன. மிளகு 2.60. மல்லி 0.29.

அன்று மாலை தம்பதியரும் தோட்டத்துப் பெரியம்மாவும் கிளினிக்குக்கு வந்தனர். "அப்படின்னா இந்த அஞ்சு மாசமா மல்லிக்குப் பாதுகாப்பே இல்லையாங்க டாக்டர்?" என்று அவ்வீட்டு மருமகளான மனைவி கேட்டார். பெரியம்மா கேள்வி எதுவும் கேட்கவில்லை. "ஊசி போட்டும் ஏறலைன்னா ஊசிதாங்க கெட்டிருக்கும். ஐஸ் மேல வச்சுத்தானே எடுத்துட்டு வந்தீங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வராததற்கும் அதுவே காரணம்.

0.29 என்ற எண்ணின் பொருள்

காரணம் தேடுவதற்கு முன் அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் 0.29 க்கும் 0.50 க்கும் உள்ள தொலைவு விளங்காது. பயணத்துக்கான சோதனைகளில் இரண்டு முறைகள் பெரிதும் புழங்குகின்றன. ஒன்று 1973 இல் அமெரிக்காவில் ஸ்மித், யேகர், பேர் ஆகியோர் வெளியிட்ட ஆர்எஃப்எஃப்ஐடி. மற்றொன்று 1998 இல் பிரான்சின் நான்சி நகர ஆய்வகத்தில் கிளிகே குழுவினர் உருவாக்கிய எஃப்ஏவிஎன். மல்லியின் சீரம் எஃப்ஏவிஎன் முறையில் சோதிக்கப்பட்டது.

சீரத்தை 56 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்கிய பின், 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் அதை மூன்று மூன்று மடங்காக நீர்த்துக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொரு நீர்ப்புக்கும் நான்கு குழிகள். அவற்றில் அளவறிந்த உயிருள்ள வெறிநோய்க் கிருமியைச் சேர்க்கிறார்கள். சிவிஎஸ்-11 எனப்படும் இக்கிருமி வகை, லூயி பாஸ்டர் தம் ஆய்வகத்தில் முயல்களில் பழக்கிய கிருமியின் வழித்தோன்றல்; அவர் தடுப்பூசி செய்யப் பிடித்து வைத்ததன் வாரிசைக் கொண்டே இன்று தடுப்பூசியின் பலனை அளக்கிறார்கள். ஒரு மணி நேரம் கழித்து, பிஎச்கே-21 என்ற வெள்ளெலிச் சிறுநீரகச் செல்களை ஊற்றி 48 மணி நேரம் அடைகாக்கிறார்கள். பிறகு அசிட்டோனால் நிலைப்படுத்தி, கிருமியின்மேல் மட்டும் ஒட்டும் ஒளிர்சாயத்தைச் சேர்த்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். ஒரு குழியில் ஓரிடத்திலாவது ஆப்பிள் பச்சையாக மின்னினால் அக்குழியில் கிருமி வென்றது. எங்கும் மின்னவில்லை என்றால் எதிர்ப்பொருள் வென்றது. குழிக்கு ஒரே ஒரு விடை. பாதி வெற்றி என்ற பேச்சே கிடையாது. எத்தனை குழிகள் காப்பாற்றப்பட்டன என்பதை, அளவு முன்பே தெரிந்த ஒப்பீட்டுச் சீரத்தோடு வைத்து அலகாக மாற்றுகிறார்கள்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. மூன்று மடங்கு நீர்ப்பு, நான்கு குழிகள் என்ற அமைப்பில் ஒரு குழி கூடினால் எண் சுமார் 1.3 மடங்கு உயரும். ஆகவே முடிவுகள் தொடர்ச்சியாக அமையாமல் படிக்கட்டுகளாக வருகின்றன: 0.22, 0.29, 0.38, 0.50, 0.66, 0.87 என்று. மல்லி தேர்ச்சிக் கோட்டுக்கு இரண்டு படி கீழே நின்றாள். அதாவது இரண்டு குழிகள். உயிருள்ள செல்களை வைத்துச் செய்யும் சோதனையில் ஒரே சீரம் ஒரு நாள் ஒரு படி கூடியும் மறுநாள் ஒரு படி குறைந்தும் வருவது இயல்பு. இதைக் கேட்டதும் கணவர், அதே சீரத்தை மறுபடி சோதிக்கச் சொல்லிப் பார்க்கலாமே என்றார். ஒருவேளை 0.50 வந்துவிட்டால் தாள் கையில் கிடைக்கும். மல்லியின் உடலில் மாற்றம் எதுவும் நேராது. அந்த வழியை நான் ஏற்கவில்லை.

சந்தேகங்களை ஒவ்வொன்றாகத் தள்ளியது

முதல் சந்தேகம் சீரத்தின்மேல் விழுந்தது. சிவப்பணு உடைந்த சீரமும், கொழுப்பு மிதக்கும் சீரமும், கிருமி படிந்த சீரமும் தட்டில் உள்ள செல்களையே கொல்லக்கூடும். அப்போது செல்படலம் கிழிந்து சோதனையைப் படிக்க முடியாமல் போகும். ஆய்வகம் வேறு மாதிரி கேட்கும். அதனால் எண் அமைதியாக 0.29 க்கு இறங்கிவிடாது. அறிக்கையில் செல் நச்சு பற்றிய குறிப்பு ஏதும் இல்லை. ஆகவே என் ரோஜா நிறச் சீரம் அலட்சியத்தின் அடையாளமேயன்றி இந்தத் தோல்வியின் காரணமன்று.

அடுத்தது பெரியம்மாவின் ஐயம். ரேபிஸ் தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும் என்பதை எல்லோரும் வெயிலுக்கான எச்சரிக்கையாகவே படிக்கிறோம். கால்நடை ரேபிஸ் ஊசிகளில் பல, செயலிழக்கச் செய்த கிருமியை அலுமினிய உப்பின்மேல் படியவைத்து ஆக்கியவை. நாங்கள் போட்டதும் அவ்வகையே. இவற்றுக்கு வெயிலைப் போலவே உறைபனியும் பகை. ஒருமுறை உறைந்து உருகினால் அலுமினியத் துகள்கள் கட்டிதட்டி, ஊசியின் வீரியம் போய்விடும். மீண்டும் குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் திரும்பாது. உறைந்த ஜெல் பையின்மேல் நேராகக் குப்பியை வைத்தது என் தவறு என்பதில் ஐயமில்லை. இடையில் ஒரு மடிப்புச் செய்தித்தாளாவது போட்டிருக்க வேண்டும்.

இங்கேதான் கோடிட்டு வைத்த மூன்றாவது குப்பி உதவியது. அதே பெட்டியில், அதே பையின்மேல், அதே வளைவுகளில் ஏறி இறங்கி வந்த குப்பி அது. அதே தொகுதியில் இன்னொரு குப்பியை எடுத்து ஓர் இரவு வேண்டுமென்றே ஃப்ரீசரில் உறையவைத்து, காலையில் உருகவிட்டேன். பிறகு இரண்டையும் ஒரே கையில் பிடித்துக் குலுக்கி, சன்னலோர மேசையில் அருகருகே நிறுத்தினேன். குழந்தைகள் தடுப்பூசித் திட்டத்தில் செவிலியருக்குக் கற்றுக்கொடுக்கும் குலுக்கல் சோதனை இதுவே. பத்து நிமிடத்தில் உறையவைத்த குப்பியில் சுண்ணாம்புத் தண்ணீர் தெளிவதுபோல் மேலே நீர் பிரிந்து, அடியில் வெள்ளைத் துகள் மணல்போல் இறங்கியது. மலைக்குச் சென்று வந்த குப்பி அரை மணி நேரம் கழித்தும் மோர்போல் ஒரே கலங்கலாக நின்றது. உறையவில்லை. இதனோடு மிளகின் 2.60 ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: அதே பெட்டியில் வந்த ஊசி அந்தப் பூனைக்கு நன்றாகவே ஏறியிருக்கிறது. பூனைகள் நாய்களைவிடப் பொதுவாக உயர்ந்த அளவு காட்டுபவை என்பதால் மிளகை மட்டும் சாட்சியாக நம்ப முடியாது; குப்பியும் பூனையும் ஒன்றையே சொன்னபோது ஊசியை விடுவித்தேன்.

மூன்றாவதாக நாயின் உடல்நிலை. சேலம் வட்டாரத்தில் எந்த நாய் மெலிந்தாலும் சோர்ந்தாலும் உண்ணிக் காய்ச்சலை முதலில் நினைப்பது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. இரத்தப் பூச்சில் எர்லிக்கியாவும் பேபீசியாவும் தென்படவில்லை. தட்டணுக்கள், புரத அளவு இரண்டும் இயல்பு. ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ பெற்றதில்லை. குடற்புழு மருந்து தவறாமல் கொடுக்கப்பட்டிருந்தது. மல்லியிடம் குறையொன்றும் இல்லை.

அட்டையின் ஓரம்

எஞ்சியது நாட்கணக்கு ஒன்றுதான். ஆனால் என் கேஸ் ஷீட்டின்படி அதுவும் ஒத்துவரவில்லை. இரண்டு முறை ரேபிஸ் ஊசி பெற்ற நாய் மூன்றாவது ஊசி பெற்றால், நினைவுச் செல்கள் விழித்துக்கொண்டு எதிர்ப்பொருள் சில நாட்களிலேயே மிக உயர்ந்து, பல மாதங்கள் நிற்கும். 124 நாளில் 0.29 க்கு வந்துவிடாது. முதன்முறை ஊசி பெற்ற நாயின் போக்கு வேறு. எதிர்ப்பொருள் மெதுவாக ஏறி, நான்கிலிருந்து ஆறு வாரத்தில் உச்சம் தொட்டு, பிறகு சரியத் தொடங்கும்; நான்கைந்து மாதத்தில் 0.5 க்குக் கீழே போய்விடும் நாய்கள் பல. மல்லியின் எண் இரண்டாவது கதையைச் சொன்னது. என் தாள் முதல் கதையைச் சொன்னது. எண்ணை நம்புவதா, தாளை நம்புவதா?

அட்டையைக் கொண்டுவரச் சொல்லி மேசை விளக்கின்கீழ் வைத்துப் பார்த்தேன். ஏஆர்வி கட்டத்தில் பேனாத் தேதி சரியாகவே இருந்தது. ஸ்டிக்கர்கள் விழுந்துவிடாமல் இருக்க யாரோ மேலே செல்லோடேப் ஒட்டியிருந்தார்கள். பழுப்பேறிய டேப்பின் விளிம்பு ஸ்டிக்கரின் இடப்பக்கத்தை மறைத்திருந்தது. தெரிந்தது "எல்" என்ற ஓர் எழுத்து. அந்த நிறுவனத்தின் ஊசி வரிசையில் "ஆர்எல்" என்றால் ரேபிஸும் எலிக்காய்ச்சலும் சேர்ந்த ஊசி. வெறும் "எல்" என்றால் எலிக்காய்ச்சல் மட்டும். ஜனவரியில் நான் அந்த மறைந்த ஓரத்தில் ஓர் "ஆர்" இருப்பதாக மனத்தில் வைத்துப் படித்துவிட்டேன். இப்போது ஹேர் டிரையரால் சூடு காட்டி டேப்பை நகத்தால் நெம்பி உரித்தேன். அங்கே வெள்ளைத் தாள்தான் இருந்தது. இரண்டாவது ஸ்டிக்கரும் அப்படியே.

நடந்தது என்னவென்று ஊகிப்பது கடினமன்று. நாய்க்குட்டிகளுக்கான கூட்டுத் தடுப்பூசி உலர்ந்த தூளாக வரும். அதைக் கரைக்கும் திரவமாகவே எலிக்காய்ச்சல் ஊசியை ஊற்றுவது வழக்கம். ஆகவே ஒரே ஊசிக்கு இரண்டு ஸ்டிக்கர் கிடைக்கும். இரண்டாவது ஸ்டிக்கரை ஒட்ட இடம் தேடியவர், காலியாக இருந்த ரேபிஸ் கட்டத்தில் ஒட்டித் தேதியும் எழுதிவிட்டார். தம்பதியர் அந்தக் கிளினிக்குக்குப் பேசிப் பார்த்தபோது, அவ்விரு தேதிகளிலும் மல்லியின் பெயரில் ரேபிஸ் ஊசி செலவானதாகப் பதிவில்லை என்று தெரியவந்தது. அவர்கள்மேல் கோபப்பட எனக்கு உரிமையில்லை; ஸ்டிக்கரைப் படிக்க வேண்டியவன் படிக்காமல் விட்டேன். இரண்டு வயது வரை, தெருநாய்களும் குள்ளநரிகளும் நடமாடும் மலைத்தோட்டத்தில், மல்லி ஒரு ரேபிஸ் ஊசிகூட இல்லாமல் சுற்றியிருக்கிறாள். பயணமும் சோதனையும் வராமல் போயிருந்தால் ஒவ்வோர் ஆண்டும் இதே அட்டையைப் பார்த்து எல்லோரும் நிம்மதியாக இருந்திருப்போம்.

ஆகவே ஜனவரி 18 இல் போட்டது பூஸ்டர் அன்று, முதல் ஊசி. அது முதல் ஊசி என்று தெரிந்திருந்தால் மூன்று நான்கு வாரம் கழித்து இரண்டாவது ஊசியும் போட்டு, அதன்பின் 30 நாள் கழிந்த முதல் வாரத்திலேயே இரத்தம் எடுத்திருப்பேன். ஒரு ஊசி பெற்ற நாய்களைவிட இரண்டு ஊசி பெற்றவை கூடுதலாகத் தேர்ச்சி பெறுவதையும், பெரிய இன நாய்கள் சிறியவற்றைவிட அதிகம் தவறுவதையும், ஊசிக்கும் மாதிரிக்கும் இடைவெளி நீள நீள எண் சரிவதையும் 2011 இல் வெளியான ஸ்வீடன் நாட்டு ஆய்வு காட்டியிருக்கிறது. பெரிய நாய், ஒற்றை ஊசி, நீண்ட இடைவெளி ஆகிய மூன்றும் மல்லியிடம் ஒன்றாகக் கூடிவிட்டன. "30 நாள் முடிந்த பிறகு எப்போது வேண்டுமானாலும்" என்ற என் வாக்கியம் சட்டத்துக்குச் சரி; முதல் ஊசி பெற்ற 27 கிலோ இராஜபாளையத்துக்குச் சரியில்லை.

இரண்டாவது ஊசியும் இரண்டாவது அறிக்கையும்

ஜூன் 16 அன்று மல்லிக்கு அடுத்த ஊசி போட்டேன். இம்முறை வாந்திக்கு மாத்திரை கொடுத்து, வெறும் வயிற்றில் அவளையே சேலத்துக்கு வரவழைத்தோம். ஜூலை 17 அன்று, 31 ஆம் நாளில், கிளினிக்கிலேயே இரத்தம் எடுத்து, குழாயை அசைக்காமல் நிறுத்தி உறையவிட்டுச் சீரம் பிரித்தேன். ஆகஸ்ட் முதல் வாரத்தில் அறிக்கை வந்தது: 7.79. ஜூன் மாத எண்ணிலிருந்து பன்னிரண்டு படிகள் மேலே. இது நினைவுச் செல்களின் வேலை. ஆகவே மருமகளின் ஜூன் மாதக் கேள்விக்கு அப்போது நான் சொன்ன அரைகுறை விடையை இப்போது திருத்திச் சொல்ல முடிந்தது. 0.29 இருந்த நாளிலும் மல்லியின் உடல் வெறுங்கையோடு நிற்கவில்லை. ஆய்வகச் சோதனைகளில் 0.5 க்குக் கீழே இருந்தும் கிருமியை எதிர்த்துப் பிழைத்த நாய்கள் உண்டு. ஆனால் அதை நம்பி அவளை அவிழ்த்துவிடச் சொல்லியிருக்கவும் மாட்டேன்.

0.5 என்ற கோடே மனிதரில் தடுப்பூசி சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க உலக சுகாதார நிறுவனம் வைத்துக்கொண்ட அளவு; பிறகு விலங்குகளின் பயணத்துக்கும் அதுவே எடுத்தாளப்பட்டது. ஊசிக்கு உடல் பதில் சொல்லியிருக்கிறது என்பதற்கு அது சான்று. கடிபட்டால் ஒன்றும் ஆகாது என்பதற்கு அது உறுதிப்பத்திரம் அன்று. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஊசி எதற்கு, டைட்டர் (இரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு) பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் இப்போது சேலத்திலும் வருகிறார்கள். வெறிநோயைப் பொறுத்தவரை அந்த மாற்று செல்லாது. அமெரிக்காவின் பொதுச் சுகாதாரக் கால்நடை மருத்துவர் சங்கம் வெளியிடும் வழிகாட்டியும், எதிர்ப்பொருள் அளவைப் பூஸ்டருக்குப் பதிலாகக் கொள்ளக் கூடாது என்றே சொல்கிறது. இருநூறு முந்நூறு ரூபாயில் முடியும் ஊசியைத் தவிர்க்கப் பல ஆயிரம் செலவழித்து வெளிநாட்டுக்குச் சீரம் அனுப்புவதில் என்ன சிக்கனம் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

ஆகஸ்ட் நடுவில் அந்த 7.79 ஏ ஒரு சிறு ஆபத்துக்கு வழிவைத்தது. தோட்டத்தில் வேலை செய்பவரின் ஏழு வயது மகன் பந்தை எடுக்கக் கை நீட்டியபோது மல்லியின் பல் முழங்கையில் உரசி, இரத்தம் வராமல் தோல் மட்டும் சிராய்ந்தது. பெரியம்மா போனில் அழைத்து, "மல்லிக்குத்தான் வெளிநாட்டு ரிப்போர்ட்டே இருக்குதுங்களே, பையனுக்கு எதுக்குங்க ஊசி?" என்றார். அந்தத் தாள் ஜெர்மனி எல்லையில் காட்டுவதற்கு. அரசு மருத்துவமனையில் காட்டுவதற்கன்று என்று சொன்னேன். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவச் சொல்லி, அன்றே ஏற்காடு அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். 0, 3, 7, 28 ஆம் நாட்களில் தோலுக்குள் போடும் ஊசிகள் நான்கு தவணையும் பையனுக்கு முடிந்தன. மல்லியைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனித்தோம். வழக்கம்போல் தின்றாள், குரைத்தாள்.

பயண ஏற்பாடு இரண்டாகப் பிரிந்தது. ஜூலை 17 இலிருந்து மூன்று மாதம் என்றால் அக்டோபர் 17 க்கு முன் மல்லி புறப்பட முடியாது. உரிமையாளர் பயணம் செய்து ஐந்து நாட்களுக்குள் விலங்கும் பயணம் செய்தால்தான் அது சொந்த வளர்ப்பு விலங்காகக் கருதப்படும் என்று அதே ஒழுங்குமுறை சொன்னதால், மல்லியைப் பின்னால் தனியாக அனுப்பும் வழியும் இல்லை. மருமகள் ஆகஸ்ட் 28 அன்று மிளகோடு பெங்களூரிலிருந்து புறப்பட்டார். கணவர் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு தோட்டத்திலேயே தங்கினார். விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்புத் துறையின் சுகாதாரச் சான்று ஒப்பமிட்ட நாளிலிருந்து பத்து நாட்களே ஒன்றியத்துக்குள் நுழையச் செல்லும் என்பதால், அதை அக்டோபர் 16 க்கு முன் தொடவே இல்லை. அக்டோபர் 20 இரவு மல்லி விமானம் ஏறினாள்.

இப்போது என் கிளினிக்கில் பயணத்துக்கு வரும் விலங்கின் அட்டையில் பேனா எழுத்தை யாரும் படிப்பதில்லை. ஸ்டிக்கரில் உள்ள ஊசியின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி மூன்றையும் என் உதவியாளர் சத்தமாகப் படிக்க நான் எழுதிக்கொள்கிறேன். படிக்க முடியாத ஸ்டிக்கர் இல்லாத ஊசியாகவே கருதப்படும். முன்பு ஊசி போட்டதற்கு உறுதியான சான்று இல்லாத நாய்க்கு இரண்டு ஊசி, இரண்டாவதிலிருந்து 30 க்கும் 40 க்கும் இடைப்பட்ட நாளில் இரத்தம். தெர்மோகோல் பெட்டியில் ஜெல் பைக்கும் குப்பிக்கும் நடுவில் ஒரு துண்டு அட்டை நிரந்தரமாக ஒட்டப்பட்டிருக்கிறது. பெரியம்மா அதை ஒருமுறை திறந்து பார்த்துத் தலையசைத்தார்.

சோதனை முடிவு, பூஸ்டர்கள் நாள் தவறாமல் தொடரும்வரை வாழ்நாள் முழுவதும் செல்லும். ஒரு நாள் தவறினாலும் மறுபடி இந்தியா வந்து திரும்பும்போது எல்லாம் முதலிலிருந்து. மிளகுக்கு 2024 ஜனவரி 17 க்குள்ளும் மல்லிக்கு ஜூன் 15 க்குள்ளும் ஊசி போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். மே மாத இறுதியில் மருமகள் மல்லியின் ஐரோப்பியக் கடவுச்சீட்டில் ரேபிஸ் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். தேதி, மருத்துவரின் முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தன. நான் படத்தைப் பெரிதாக்கி, ஸ்டிக்கரின் இடது ஓரத்தை முதலில் பார்த்தேன்.